மூன்றும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அவர்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னது. பின்னால் யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதைவிட முதலிலேயே நானே சொல்லிவிடுவது நல்லது. அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. மொழிபெயர்ப்பாளர்களை மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பிவைக்கிற ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவர் மொழிபெயர்ப்பவர் இல்லை. எந்த வேலைக்கு யாரை அனுப்பலாம் என்று கணினியைக் கேட்டுச் சொல்பவர். அப்படிக் கேட்கும் கேள்விக்கு குவெரி என்று பெயர். அப்படிக் கேட்கும் அண்ணிக்கு அலுவலகத்தில் 'சல்லடை' என்று பெயர்.*

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்...' (அண்ணி படித்துவிட்டு: "அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு தம்பி.")

இரண்டாம் தொடக்கம்: 'அவள் கைகளால் பேசினாள். அந்தக் கைகளில் ஒரு...' (அண்ணி: "எல்லாரும்தான் கையால பேசறோம். உங்க அண்ணன் பேசும்போது பக்கத்துல டம்ளர் வைக்க முடியுதா?")

மூன்றாவது தொடக்கம் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. இதில் அழகு குறைவு, ஆனால் அண்ணி அடிக்கவில்லை.

* பட்டப்பெயர் வைத்தவர் மேலாளர். கிண்டலாகத்தான் வைத்தார். நான் அதை மரியாதையாகத்தான் எழுதுகிறேன். சல்லடை இல்லாத வீட்டில் மாவு சலித்துப் பாருங்கள், தெரியும்.

2

விஷயம் இதுதான். ஒரு பெண். பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணம் ஆகி வேறு நாட்டிலிருந்து வந்தவள். மூன்று வயதில் ஒரு மகள். கணவனும் அவளும் பிரிந்துவிட்டார்கள். குழந்தை இப்போது அவளிடம் இருக்கிறது. கணவன் நீதிமன்றத்துக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறான்: "ராத்திரி குழந்தை அழுதால் அவளுக்குக் கேட்காது. குழந்தையை என்னிடம் கொடுங்கள்."

வியாழக்கிழமை விசாரணை. நீதிபதி அந்தப் பெண்ணை நேரடியாகக் கேள்வி கேட்கப் போகிறார்.

சைகை மொழி என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள், பரவாயில்லை. அப்படி இல்லையாம். நாட்டுக்கு நாடு வேறாம். அவளுடைய சைகை அவள் பிறந்த நாட்டுச் சைகை. இங்கே வந்து கற்றுக்கொண்டது பால் வாங்கவும் பஸ் ஏறவும் போதும். தன் பிள்ளைக்காக வாதாடப் போதாது.

ஆகவே நீதிமன்றத்திலிருந்து அண்ணியின் அலுவலகத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. அந்நாட்டுச் சைகை தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்றச் சான்று இருக்க வேண்டும். குழந்தைகள் வழக்கில் பயிற்சி இருக்க வேண்டும். கடைசி வரி இப்படி: 'மேற்கண்ட மூன்றும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அவர்களை வியாழக்கிழமை காலை அனுப்பிவைக்கவும்.'

அப்படி யாரும் கிடைக்காவிட்டால் விசாரணை நிற்காது. கேள்விகளை எழுதிக் காட்டுவார்கள், அவள் எழுதிப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஊர் எழுத்தை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுடைய வக்கீல் ஒரு பெண்மணி, படபடவென்று பேசுகிறவர். அவர் அண்ணியிடம் போனில் சொன்னது: "அந்தப் பக்கம் ஒருத்தர் வாய் நிறையப் பேசுவாரு. இந்தப் பக்கம் இவ பேப்பர்ல ஆமா, இல்லன்னு எழுதிக் காட்டுவா. புள்ள கைய விட்டுப் போயிரும் மேடம். எப்படியாவது ஆள் புடிச்சுக் குடுங்க."

3

இனி கொஞ்சம் கணினி. ஓடாதீர்கள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

அலுவலகத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு வரியில் ஓர் ஆள், ஒரு தகுதி. அவ்வளவுதான். ஒருவருக்கு நான்கு தகுதி இருந்தால் அவர் பெயர் நான்கு வரியில் வரும். வக்கீலம்மா போனில் காத்திருக்க, அண்ணி அவசரமாகத் தட்டினார்: தகுதி அந்நாட்டுச் சைகையாக இருக்க வேண்டும், மேலும் நீதிமன்றச் சான்றாக இருக்க வேண்டும், மேலும் குழந்தை வழக்குப் பயிற்சியாக இருக்க வேண்டும். திரை வெறுமையாக வந்தது.

"யாரும் இல்லைங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். போனை வைத்த கையோடு அவருக்கு உறைத்தது.

(எப்படி உறைத்தது என்று கேட்டேன். "இல்லன்னு சொல்றதுக்கு அது கொஞ்சமாவது யோசிச்சிருக்கணும்ல? பட்டுன்னு சொல்லிருச்சு. அப்பவே சந்தேகம்.")

கணினி வரி வரியாகத்தான் பார்க்கும். ஒரு வரியை எடுக்கும், நிபந்தனைகளைக் கேட்கும், கீழே வைக்கும், அடுத்ததை எடுக்கும். ஒரு வரியில் ஒரு தகுதிதான் இருக்கிறது. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு விளக்கினார்:

"ஒரு வரி இருக்கு. நான் சைகைன்னு சொல்லிக்கிட்டு சிவனேன்னு நிக்குது. அதுகிட்டப் போய், நீ சைகையாவும் இரு, அதே மூச்சுல சான்றாவும் இரு, பயிற்சியாவும் இருன்னா அது என்ன பண்ணும் பாவம்? எந்த வரியாலயும் முடியாது. ஊர் முழுக்க ஆள் இருந்தாலும் பதில் இல்லன்னுதான் வரும். ஒரு ஆள்கிட்ட கேக்க வேண்டியத நான் ஒரு வரிகிட்ட கேட்டுட்டேன்."

'மேலும்' என்பதை எடுத்துவிட்டு 'அல்லது' என்று போட்டால்? போட்டுப் பார்த்தாராம். ஒரு பஸ் நிறைய ஆள் வந்தார்கள். சைகை மட்டும் தெரிந்தவர், சான்று மட்டும் வைத்திருப்பவர், பயிற்சிக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தவர் உட்பட எல்லாரும். முதல் கேள்வி யாரையும் உள்ளே விடவில்லை, இரண்டாவது கேள்வி எல்லாரையும் விட்டுவிட்டது.

4

அடுத்து அண்ணி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'அல்லது' போட்டு வந்த அத்தனை வரிகளையும் ஆள்வாரியாகக் கட்டுக் கட்டினார். துவைத்த துணியை வீட்டில் ஆளுக்கொரு அடுக்காகப் பிரித்து வைப்போம் இல்லையா, அப்படி. பிறகு கேட்டார்: எந்த அடுக்கில் மூன்று இருக்கிறது?

வரியைக் கேட்ட கேள்வி இப்போது ஆளைக் கேட்கும் கேள்வியாகிவிட்டது. ஒரே ஒரு பெயர் வந்தது.

அண்ணி வக்கீலம்மாவைக் கூப்பிட்டு "ஆள் கிடைச்சாச்சு" என்றார். அந்தப் பக்கம் வக்கீலம்மா அழுதேவிட்டாராம். பிறகு அண்ணி, வழக்கப்படி, அந்த ஆளுடைய மூன்று வரிகளையும் திறந்து பார்த்தார்.

நீதிமன்றச் சான்று. நீதிமன்றச் சான்று. நீதிமன்றச் சான்று.

ஒரே சான்றை மூன்று தடவை புதுப்பித்தவர். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது. கணினியை மூன்று இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. வேறு வேறு மூன்றா என்று நாம் கேட்கவில்லை.

இந்த மனிதருக்கு நான் 'மூணுதரம்' என்று பெயர் வைத்தேன். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன்: பொய்த் தகுதி காட்டி... காசுக்காக... (எடுத்துவிட்டேன். பாவம், அவர் ஒழுங்காகச் சான்று புதுப்பித்ததைத் தவிர ஒரு குற்றமும் செய்யவில்லை.) எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணி அவரைக் கூப்பிட்டு, சைகை மொழி தெரியுமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "கை காட்டி பஸ்ஸ நிறுத்தத் தெரியும்மா. அதுவும் சில பேர் நிறுத்த மாட்டாங்க."

அண்ணி 'வேறு வேறாக' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி கேட்டார். மூணுதரம் கழன்றுகொண்டார். வேறு யாரும் வரவில்லை.

நம்ப மனமில்லாமல் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிக் கேட்டார்: இந்த மூன்றில் 'இவரிடம் இல்லை' என்று சொல்ல எதுவும் இல்லாதவர் யார்? சுற்றி வளைத்த மாதிரித் தெரியும். யோசித்தால் நாம் தினமும் பேசுவதுதான். ஒருவரைப் புகழ வேண்டுமென்றால் 'அவருக்கு எல்லாம் தெரியும்' என்றா சொல்கிறோம்? 'அவருக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல' என்கிறோம். அதே கணக்கு. அந்த வழியாகப் போனாலும் வெறுமைதான். இந்தத் தடவை நிஜமான வெறுமை.

வக்கீலம்மாவுக்கு மறுபடி போன். அவர் சொன்னது: "முதல்ல இல்லன்னீங்க. அப்புறம் இருக்குன்னீங்க. இப்ப திரும்பவும் இல்லங்கறீங்க. அங்க உக்காந்து பூவா தலையா போட்டுட்டு இருக்கீங்களா மேடம்?"

அண்ணிக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்ததாம். நான் இந்த இடத்தில் 'அவர் கண்கள் கலங்க ஜன்னலுக்கு வெளியே...' என்று எழுதினேன். அந்த அறையில் ஜன்னல் கிடையாது என்பதால் விட்டுவிட்டேன்.

5

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அண்ணி உத்தரவை மறுபடி படித்தார். மூன்றும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அவர்களை.

அவர்களை.

நம் மொழிக்கு ஒரு குணம் உண்டு. ஒருவருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமென்றால் அவரைப் பலராக்கிவிடும். தலைவர் அவர்கள் வந்தார்கள் என்றால் எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவர்தான். ஆனால் அதே சொல்லில் நான்கு பேரும் வரலாம். நீதிமன்றத் தட்டச்சர் மரியாதைக்காகப் போட்ட 'அவர்கள்' அது. அண்ணி காலையிலிருந்து அதை ஒருவர் என்றே படித்துவந்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்போம்.

வரியைக் கேட்டது தப்பு, ஆளைக் கேட்க வேண்டும் என்று காலையில் கண்டுபிடித்தவர், இப்போது ஆளைக் கேட்பதும் போதாது என்று கண்டுபிடித்தார். ஒருவருக்கு மூன்றும் தெரிய வேண்டாம். இரண்டு பேருக்குச் சேர்த்து மூன்றும் தெரிந்தால் போதாதா?

டப்பாவை மூடிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். அட்டவணைக்குப் பக்கத்தில் அதே அட்டவணையை இன்னொரு தடவை வைத்தார். ஒவ்வொருவர் பக்கத்திலும் மற்ற ஒவ்வொருவரையும் நிறுத்தினார். கேள்வி: எந்த ஜோடிக்கு இருவரிடமும் சேர்த்து மூன்றும் இருக்கிறது? கூடவே, அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி இருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஜோடி இருந்தும் பயனில்லை. (என் அண்ணனைப் பற்றி இங்கே அண்ணி சொன்ன ஒரு உதாரணத்தைக் குடும்ப நலன் கருதித் தவிர்க்கிறேன்.)

சில ஜோடிகள் வந்தன. எல்லா ஜோடியிலும் ஒரு பக்கம் ஒரே ஆள்.

அவர் படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடை வைத்திருப்பவர். சட்டம் தெரிந்தவர்தான், ஆனால் மரச்சட்டம். பிறவியிலேயே காது கேட்காதவர். இளவயதில் அந்த நாட்டில் வேலை பார்த்திருக்கிறார், அந்த ஊர்ச் சைகை சரளம். இந்த ஊர்ச் சைகை தாய்மொழி. எப்போதோ பதிவு செய்துவிட்டுப் போனவர். சான்று இல்லை, பயிற்சி இல்லை, ஆகவே ஒருவரையே தேடிய எந்தத் தேடலிலும் அவர் பெயர் மேலே வந்ததே இல்லை. அவரோடு ஜோடி சேர்ந்தவர்களில் வியாழக்கிழமை காலியாக இருந்தவர் ஒரு பெண். காது கேட்கும், இந்த ஊர்ச் சைகை தெரியும், சான்றும் பயிற்சியும் உண்டு. அவரைச் சான்றுக்காரி என்று வைத்துக்கொள்வோம்.

நீதிபதி பேசுவதைச் சான்றுக்காரி இந்த ஊர்ச் சைகையில் கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் அதை அந்நாட்டுச் சைகையில் அவளிடம் சொல்வார். பதில் அதே வழியில் திரும்பி வரும். உலகத்தில் இது புதிது இல்லையாம். அந்த அலுவலகத்துக்குப் புதிது.

மேலாளரிடம் கையெழுத்துக்குப் போனபோது நடந்த உரையாடலை அண்ணி எனக்கு நடித்தே காட்டினார்.

"ரெண்டு பேர அனுப்பற வழக்கமே இல்லையேம்மா."

"உத்தரவுல 'அவர்களை'ன்னு இருக்கு சார்."

"அது மரியாதைக்குப் போட்டதும்மா."

"நானும் மரியாதையாத்தான் ரெண்டு பேர அனுப்பறேன் சார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு சொல்லை இப்படிப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணியைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஒரே வரியில் இருக்கக் கூடாது என்பதால் இரண்டு வாக்கியமாக எழுதினேன்.

6

கணவனைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். குடிகாரன், பிள்ளையைத் திரும்பியும் பார்க்காதவன், இப்போது வீம்புக்கு...

அண்ணி அந்தப் பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளும் புள்ளய நினைச்சு பயந்துதான் கேட்டிருப்பாரோ என்னவோ. தெரியாத கட்டத்த நான் இஷ்டத்துக்கு நிரப்ப மாட்டேன். நீயும் நிரப்பாத."

"அப்புறம் கதையில யார் கெட்டவங்க அண்ணி?"

"யாரும் இல்ல. வேறு வேறான்னு கேக்காம விட்ட குவெரிதான் கெட்டது. அத எழுதினது நான். போதுமா?"

போதவில்லை.

7

நீதிமன்ற அறையில் நானும் இல்லை, அண்ணியும் இல்லை. குழந்தைகள் வழக்குக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வக்கீலம்மா அண்ணியிடம் சொல்லி, அண்ணி என்னிடம் சொன்னது. இதுவும் இரண்டு கை மாறித்தான் உங்களிடம் வருகிறது.

நீதிபதி ஒரு பெண்மணி. உள்ளே வந்தவர்களைப் பார்த்துவிட்டு, "ஒருத்தரத்தானே கேட்டோம்?" என்றார்.

"அவர்கள்னு போட்டிருக்கீங்கம்மா" என்றார் வக்கீலம்மா.

நீதிபதி உத்தரவை வாங்கிப் படித்தார். தட்டச்சரைப் பார்த்தார். "உங்களுக்கு மரியாதை கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றார். பிறகு, "சரி, ரெண்டு பேரும் உக்காருங்க."

கடைக்காரர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வணக்கம் சொல்லி, தான் யார் என்று சொன்னார். அவள் தன் ஊர்ச் சைகையை இந்த ஊரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படபடவென்று ஏதோ சொன்னாள். அங்கே பேசுவது எதுவானாலும் மொழிபெயர்த்தாக வேண்டும். ஆகவே கடைக்காரர் திரும்பிச் சொல்ல, சான்றுக்காரி சத்தமாகச் சொன்னார்: "'நீங்க எங்க ஊர்ல எந்தத் தெருவுல இருந்தீங்க?'ன்னு கேக்கறாங்க."

(இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் அண்ணி அடித்திருப்பார். நிஜமாம்.)

நீதிபதி தடுக்கவில்லை. தெருப் பெயரை அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேள்வியைக் கேட்டார். "ராத்திரி குழந்தை அழுதா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி சான்றுக்காரியின் கைக்குப் போனது. அங்கிருந்து கடைக்காரரின் கைக்குப் போனது. அவள் பார்த்தாள். யோசிக்கவேயில்லை. பதில் கடைக்காரரிடம் வந்தது, சான்றுக்காரியிடம் வந்தது, குரலாக அறைக்கு வந்தது:

"அவ என் பக்கத்துலதான் படுத்திருப்பா. சிணுங்க ஆரம்பிக்கும்போதே மெத்தை அசையும், நான் எழுந்திருவேன். நம்பலன்னா பக்கத்து வீட்டுல கேளுங்க. அவங்களுக்கு நல்லாக் காது கேக்கும். எங்க வீட்டுக் குழந்தை அழுது என்னைக்காவது அவங்க தூக்கம் கெட்டிருக்கான்னு கேட்டுப் பாருங்க."

சொல்லி முடித்துவிட்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள் என்று வக்கீலம்மா சொன்னார். கணவன் தலையைக் குனிந்துகொண்டான். ஏன் குனிந்தான் என்று நான் எழுத மாட்டேன்.

நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

8

தீர்ப்பு எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அவருடைய அட்டவணையில் 'சேவை முடிந்தது' என்று ஒரு வரி சேர்ந்தது, அத்தோடு சரி. தீர்ப்பைப் பற்றி மட்டும் வக்கீலம்மா வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் குழந்தை அம்மாவிடமே இருக்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கியதாலேயே சந்தேகம் வந்தது.

இரண்டாவதில் நீதிபதி பக்கத்து வீட்டுக்காரர்களை வரச்சொல்லி வழக்கைத் தள்ளிவைக்கிறார். நியாயமான முடிவு. யாருக்குமே தூக்கம் வராது.

மூன்றாவதில் குழந்தை அப்பாவிடம்... (முடிக்க முடியவில்லை.)

மூன்றையும் அண்ணியிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். "தெரியாதுன்னா காலியா விடு" என்றார். "காலின்னா இல்லன்னு அர்த்தம் இல்ல தம்பி. இன்னும் தெரியலன்னு அர்த்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பினா, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பற என் வேலையில யாராவது செத்தே போவாங்க."

"வாசகர்கள் திட்டுவாங்க அண்ணி."

"அவங்களையே எழுதச் சொல்லு. எழுதிப் பாக்கட்டும்."

ஆகவே நீங்கள் எழுதுங்கள். நீதிபதியின் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டேன். பதிலைக் கேட்டாயிற்று. உங்களுக்கு எதிரே அவள் கணவனும் இருக்கிறான், அவனும் தகப்பன்தான், மறக்காதீர்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நான் குறுக்கே வர மாட்டேன்.

ஒன்று மட்டும். நீங்கள் எழுதுவது உடனே அவளிடம் போய்விடாது. முதலில் சான்றுக்காரி அதைத் தன் கைகளால் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பிறகு கடைக்காரர், சற்று முன் தன் தெருப் பெயரைச் சொன்ன அதே கைகளால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளிடம் சொல்ல வேண்டும். சைகையில் பேசுகிறவரால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

கடைக்காரர் கையைத் தூக்கிவிட்டார். என்ன சொல்லட்டும்?